இரண்டாவது ஸ்பீக்கர்

டோலிடோ, ஒஹையோ
9 மார்ச் 1997

அன்புள்ள கோரின்,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள். போன் செய்தால் வைத்துவிடுவாயோ என்று பயம். முகவரி உன் அம்மா கொடுத்தது. "எழுதும்மா, அவ படிப்பா. பதில் போடுவாளான்னு மட்டும் என்னைக் கேக்காத" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

எனக்குக் கல்யாணமாகிவிட்டது. அவர் பெயர் க்ளென், கண்ணாடித் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட். எட்டு மாதத்தில் ஒரு பெண் இருக்கிறாள், நெல். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். டாக்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பாரிஷ் ஹாலில் சனிக்கிழமை நடனத்துக்கு வாசிப்பார்களே, பிலார்ஸ்கி குழு, பாதி போல்கா பாதி கன்ட்ரி, அவர்களுடைய கிதார்காரர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகிறார். என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நடனம் மே 24 அன்று. பிரசவத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் பால், டயப்பர், காய்ச்சல் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பிலார்ஸ்கி போனில் "இன்னும் வாசிக்கிறியாம்மா?" என்று கேட்டதும் சமையலறையில் நின்று அழுதேன்.

ஆனால் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லை. கண்ணாடிக் குழல்கள் வைத்த என் வால்வு ஆம்பைக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் விற்றுவிட்டேன். அது இருந்தாலும் இப்போது உதவாது. சத்தமாக வைத்தால்தான் அதற்கு உயிர் வரும், மெல்ல வைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். எனக்கோ இவள் தூங்கும் நேரம்தான் பயிற்சி நேரம். போதாததற்குப் பின்பக்கம் திறந்தபடி வால்வுகள் அடுப்பாய்ச் சுடும், இவள் தவழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் உன் அப்பாவின் சாம்பல் நிற டிரான்சிஸ்டர் ஆம்ப் நினைவுக்கு வந்தது. கிசுகிசுத்தால்கூடச் சுத்தமாகக் கேட்குமே. அந்தக் காலத்தது, எழுபதுகளில் செய்தது, மலிவாக எங்கே கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இங்கே மியூசிக் கடையில் கேட்டேன். "டிரான்சிஸ்டரா? அது ஆம்ப் இல்லீங்க, ரேடியோ" என்று சொல்லி, என் ஒரு மாத வாடகைக்கு ஒரு வால்வு ஆம்பைக் காட்டினார்கள்.

நீ மன்சியில் டிவி, ஆம்ப் ரிப்பேர் பெஞ்ச் போட்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னார். உன்னை விட்டால் வேறு யாரைக் கேட்பது என்று எழுத நினைத்தேன். அது பொய். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். உன்னிடம் கேட்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அன்று கவுண்டிச் சந்தைத் திருவிழா மேடையில் நீ வாசித்த உன் அப்பாவின் ஆம்ப் புகைந்தபோது, நம் குழுவே சுற்றி நிற்க, "சத்தத்த அவ்ளோ ஏத்தாதேன்னு சொன்னேன்ல" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்பாவின் பொருள் எரிந்து நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது? ஐந்தரை வருடமாக அது என்னை விடவில்லை. ஆம்ப் கிடைக்காமல் போனாலும் போகட்டும், நீ பேசினால் போதும்.

உன்னைத் தேடும்,
பெத்தனி

*

மன்சி, இந்தியானா
20 மார்ச் 1997

பெத்தனிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில்.

மியூசிக் கடைக்குப் போகாதே. அங்கே வந்துவிட்டால் அது மலிவு இல்லை. அடகுக்கடை, சர்ச் அடித்தளச் சாமான் விற்பனை, பள்ளிக்கூடங்கள் கழித்துப் போடுவது, இறந்தவர் வீட்டுப் பொருள் விற்பனை, இங்கேதான் கிடக்கும். பேப்பரில் இசைக்கருவி விளம்பரத்தைப் பார்க்காதே, ஸ்டீரியோ விளம்பரத்தைப் பார். முக்கால்வாசிப் பேருக்குத் தங்களிடம் இருப்பது கிதார் ஆம்ப் என்றே தெரியாது, "பழைய ஸ்பீக்கர்" என்று போட்டிருப்பார்கள். எல்லோரும் வால்வு வால்வு என்று ஓடும் இந்த வருடங்களில் இதை யாரும் சீண்டுவதில்லை. உனக்கு அதிர்ஷ்டம்தான். நூறு டாலருக்கு மேல் கொடுக்காதே.

உன் கிதாரையும் உன் ஒயரையும் எடுத்துக்கொண்டு போ. குமிழைத் திருகும்போது கரகரத்தால் பயப்படாதே, அது அழுக்கு, துடைத்தால் போகும். சத்தத்தைச் சுழியில் வைத்த பிறகும் ஹம் என்று இரைந்தால் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது, அதையும் மாற்றலாம். ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் கூம்பு தட்டென்று முன்னால் தள்ளி அங்கேயே நின்றால், உள்ளே டிரான்சிஸ்டர் செத்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. நன்றாக இருந்தாலும் இருபது நிமிடம் ஓடவிட்டுக் கேள். இதன் நோய் சூடான பிறகுதான் வெளியே வரும்.

சந்தையில் நடந்ததைப் பற்றி. நீ சொன்ன விதத்தைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறாய். சொன்னது சரிதான். ஏற்றியது நான்.

குழந்தையின் தொட்டில் பக்கமாக ஸ்பீக்கரைத் திருப்பாதே.

கோரின்

*

டோலிடோ
6 ஏப்ரல் 1997

அன்புக் கோரின்,

பதில் வந்ததே போதும் என்று இரண்டு நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தொட்டில் வரியை க்ளெனுக்குப் படித்துக் காட்டினேன். "இவங்கதான் உன்கூடப் பேசாதவங்களா?" என்றார்.

வேட்டையைக் கேள். சர்ச் விற்பனை மூன்று. ஒன்றில் ஆர்கன், ஒன்றில் ஊமை டிவி, மூன்றாவதில் எனக்குப் பியரோகி, அந்தப் போலந்துக் கொழுக்கட்டை, இரண்டு டஜன் விற்றுவிட்டார்கள். பிறகு, நெல்லைக் குழந்தை வண்டியில் வைத்து, கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் அடகுக்கடைக்குப் போனேன். குழந்தையை அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று வாசலில் கால் மணி நேரம் நின்றேன். கடைக்காரர் லூதர் கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, பிள்ளைய நான் அடகு பிடிக்கிறதில்ல" என்றார்.

ஓர் ஆம்ப் இருந்தது, கறுப்பு, பெரியது. அதன்மேல் அவருடைய காபிக் குவளை. "நாலு வருஷமா எனக்கு இதான் ஸ்டூல். யாருமே கேக்கல. வர்றவன் பின்னால குனிஞ்சு பாப்பான், வால்வு இல்லன்னதும் ஏதோ நாய் கக்கினதப் பாத்த மாதிரி போயிடுவான்" என்றார். போட்டுப் பார்த்தேன். கூம்பு தட்டென்று முன்னால் வந்து நின்றது. நீ எழுதியது எழுதியபடியே. நன்றி சொல்லிவிட்டேன். "இவ்ளோ பாத்து வாங்குற ஆள் நீ, கல்யாணத்தையும் இப்படித்தான் பண்ணியா?" என்று கேட்டார். மூடிய வாயோடு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அன்றிரவு நெல்லுக்குக் காய்ச்சல். கடையில் தொற்றியிருக்குமோ என்று கிதாரைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் பார்த்தால் பல் முளைக்கிற காய்ச்சல். பூட்டைத் திறந்தேன்.

நீ வாசிக்கிறாயா இப்போது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மற்றவர்களின் ஆம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறாய்.

பெத்

*

மன்சி
14 ஏப்ரல் 1997

பெத்,

லூதரிடம் அந்தக் கறுப்பு ஆம்பை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வை, பாகங்களுக்காக நான் வாங்கிக்கொள்கிறேன். பியரோகி உறைய வைத்தாயா, இல்லை இரண்டு டஜனையும் நீயே தின்றாயா? உன்னைத் தெரியும்.

நான் வாசிப்பதில்லை. சந்தைக்குப் பிறகு கிதாரைத் தொடவில்லை.

அப்பாவின் ஆம்ப் இங்கேதான், பெஞ்சுக்கு மேல் தட்டில் இருக்கிறது. அதைச் சரி செய்யத்தான் இந்த வேலையே கற்றுக்கொண்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. எரிந்த டிரான்சிஸ்டர் இரண்டையும் எப்போதோ மாற்றிவிட்டேன். ஆனால் சுவிட்சைப் போட்டதில்லை. ஏன் எரிந்தது என்று தெரியாமல் போட்டால் மறுபடியும் அதே இடத்தில் எரியும். சத்தம் ஏற்றியதால் மட்டும் அந்த ஆம்ப் எரியாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இருபது வருடம் அப்பா அதை முழுக்க ஏற்றித்தான் வாசித்தார். அப்படியானால் என்ன செய்தேன்? வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை. அகப்படாத வரைக்கும் குற்றவாளி நான்தான்.

சந்தையன்று நிகழ்ச்சியின் முதல் பாதியில் டிரம்ஸ் சத்தத்தில் என் கிதார் மேடையைத் தாண்டவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ் வாங்கக் கீழே போய்விட்டு வந்து வாசித்தால், ஆம்ப் ஒருநாளும் ஒலிக்காத மாதிரி ஒலித்தது. அகலமாக, மேடை முழுக்க. நான்தான் நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஏற்றினேன். அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

அப்பா திட்டவில்லை. "ஒரு பொருள நம்பிக் கைல குடுத்தா பாத்துக்கத் தெரியணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் இசை பற்றி அவர் பேசவில்லை. பதினான்கு மாதம். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காபி ஆறிவிட்டது.

கோரின்

*

டோலிடோ
24 ஏப்ரல் 1997

என் கோரின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். உன் அப்பாவைப் பற்றி நான் என்ன எழுதினாலும் பொய்யாக இருக்கும். அதனால் நல்ல செய்தியை மட்டும் சொல்கிறேன். கிடைத்துவிட்டது!

நீ சொன்னபடி ஸ்டீரியோ விளம்பரத்தில்தான். "ஒலிபெருக்கி, மைக்குடன்." பந்தை உருட்டி விளையாடும் ஒரு பௌலிங் கூடம், மூடப் போகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக எந்த அணிக்கு எந்தப் பாதை என்று அறிவிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நடத்துகிற அம்மா, இர்மா என்று பெயர், சத்தத்தை மூன்றுக்கு மேல் திருப்பியதே கிடையாதாம். நான் கிதாரை மாட்டியதும், "அடேங்கப்பா, இவ்ளோ நாளா இதுக்குள்ள இது இருந்துச்சா?" என்று வாய் பிளந்து நின்றார். இருபது நிமிடம் வாசித்தேன். கடைசி இரண்டு பாதையில் விளையாடிக்கொண்டிருந்த கிழவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். நெல் தரையில் காலி டப்பாவைத் தட்டினாள். ஹம் இல்லை, கூம்பு முன்னால் தள்ளி நிற்கவில்லை. அறுபது கேட்டார், கொடுத்தேன்.

மெல்ல வைத்தால் எவ்வளவு தெளிவு! இவள் தூங்கும்போது இரண்டில் வைத்து வாசிக்கிறேன், புரண்டுகூடப் படுப்பதில்லை. வாசித்துக்கொண்டே மூச்சு வருகிறதா என்று பார்க்க முடிகிறது.

ஒரே கவலை ஹால். இதற்கு ஒற்றை ஸ்பீக்கர்தான். வால்வு ஆம்பை விற்றபோது அதோடு சேர்த்து வைத்திருந்த கூடுதல் ஸ்பீக்கர் பெட்டியை விற்கவில்லை, அடித்தளத்தில் இருக்கிறது. இந்த ஆம்பின் பின்னால் இரண்டாவது ஸ்பீக்கருக்கு ஒரு துளையும் இருக்கிறது. நடனத்தன்று அதையும் சேர்த்து மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

சந்தோஷத்தில் இருக்கும்,
பெத்

*

மன்சி
29 ஏப்ரல் 1997

பெத்,

மாட்டாதே. மாட்டிவிட்டாயா? மாட்டியிருந்தால் இப்போதே போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி.

வால்வுக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கரே இல்லாமல் ஓடுவதுதான் ஆபத்து, கூட ஒன்று மாட்டினால் பொறுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பழக்கத்திலேயே இருப்பவர்களுக்குப் பயமே வராது. டிரான்சிஸ்டர் நேர் எதிர். ஸ்பீக்கர் இல்லையா, பேசாமல் இருக்கும். கூட ஒரு பெட்டியை மாட்டினால், இரண்டும் கேட்கிற மின்சாரத்தையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒலி பிரமாதமாக, அகலமாக இருக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டுப் புகைந்துவிடும். துளை இருக்கிறதே என்று நம்பாதே, அது அதற்கென்று செய்த பெட்டிக்கு மட்டும். உன் பெட்டி எனக்குத் தெரியும், அது இதைக் கொன்றுவிடும்.

பௌலிங் கூடத்துக் கிழவர்களை நினைத்துச் சிரித்தேன். இரண்டில் வைத்து வாசிக்கிறாயா! நீயா, இரண்டிலா! அந்தப் பெண் உன்னை நன்றாகத்தான் வளர்க்கிறாள்.

கழற்றியாயிற்றா என்று ஒரு வரி எழுது.

உன்,
கோரின்

*

டோலிடோ
3 மே 1997

கோரின்,

மாட்டவில்லை. இதற்கு மாட்டவில்லை.

"அரை மணி, முக்கால் மணி நேரம்" என்ற இடத்தைப் படித்தபோது நெல்லுக்கு ஆப்பிள் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூன் கையிலேயே நின்றுவிட்டது. அவள் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

அன்று சந்தையில் நீ ஜூஸ் வாங்கப் போனாய். முதல் பாதி முழுக்க உன் கிதார் கேட்காமல் போனதில் உன் முகம் சுருங்கியிருந்தது. நீயாக எதுவும் கேட்க மாட்டாய். என் கூடுதல் பெட்டியின் ஒயரை என் ஆம்பிலிருந்து பிடுங்கி, திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், உன் அப்பாவின் ஆம்பில் மாட்டினேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ வந்ததும் டாம் டிரம்ஸை ஆரம்பித்துவிட்டான். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு போதும் என்று விட்டுவிட்டேன். புகை வந்த பிறகு சாமான் கட்டும்போது, என் ஒயர் என்று பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டேன். அது இதைச் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வால்வு ஆம்பில் ஆயிரம் தடவை செய்தது. தோன்றாமல்தான் எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துச் சொன்னேன்.

ஏற்றியது நீதான். எரித்தது நான்.

இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "உன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், இப்போது போய் இதைச் சொல்ல வேண்டுமா, அடுத்த வருடம் சொல்லலாமே, என்றெல்லாம். உன் அப்பாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை.

உன் கை தப்புச் செய்யவில்லை, கோரின். அந்த ஆம்பைப் போடு. எரியாது.

பெத்தனி

*

டோலிடோ
13 மே 1997

கோரின்,

பதிலுக்காக இதை எழுதவில்லை. குழு முழுக்கக் கேட்கத்தான் அன்று உன்மேல் பழி போட்டேன். அதனால் டாமுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். உன் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் நெல்லை மடியில் வாங்கிக்கொண்டு, "அந்த மனுஷனும் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெத்தனி

*

மன்சி
20 மே 1997

பெத்,

மூன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்து முடித்ததும் டிராயரில் போட்டுப் பூட்டினேன். வாடிக்கையாளர் ஒருவருடைய டிவியைக் கீழே போட்டு உடைத்தேன். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

பரவாயில்லை என்று எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய், புரிகிறது. புரிந்தாலும் அந்தச் சொல் வரவில்லை. அது அப்பா கேட்டிருக்க வேண்டிய செய்தி. பதினான்கு மாதம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அதை நீயும் திருப்பித் தர முடியாது, நானும் கேட்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. ஒயர் உன் பையில் போய்விட்டது. பாகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எரிந்த டிரான்சிஸ்டர் யார் மாட்டினார்கள் என்று சொல்லாது. ஐந்தரை வருடம் தேடி எனக்கு அகப்படாததை ஒரு தாளில் எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பினாய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் அப்பாவின் ஆம்பைத் தட்டிலிருந்து இறக்கினேன். போட்டேன். இருபது நிமிடம் காத்திருந்தேன். நாற்பது நிமிடமும் ஆயிற்று. கிதாரை எடுத்து வாசித்தேன். கை மறந்துவிட்டது, விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. ஆனால் சுத்தமாகக் கேட்டது.

டாம் போன் செய்தான். அழுதான், பைத்தியம். சனிக்கிழமை நடனத்துக்குத் தன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதனால் வருகிறேன். இடைவேளையில் என்னைத் தேடிக்கொண்டு வராதே. பேச வருமா என்று தெரியவில்லை. வந்தால் நானே வருவேன்.

அந்த ஹால் எனக்குத் தெரியும். ஆம்பைத் தரையில் வைத்தால் ஆடுகிறவர்களின் முழங்காலுக்குத்தான் கேட்கும். ஒரு நாற்காலியில் தூக்கி வை, கொஞ்சம் பின்னால் சாய்த்து. நானும் அம்மாவும் கடைசி வரிசையில் இருப்போம். எனக்குக் கேட்க வேண்டும்.

கோரின்